இரக்கத்துக்குப் பிறகு வரும் வேலை: தெருப்பூனைகளைப் பராமரித்தல்

பூனைக்குட்டிகளைக் கொல்ல மனம் வராதவர்கள் அவற்றைச் சந்தையடியில் கொண்டுபோய் விடுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் மீன் சந்தை, கோயில் வீதி, பாடசாலை மதிலோரம் என்பன இதற்கு வழமையான இடங்கள். மீன் கழிவைத் தின்று பிழைத்துக்கொள்ளும் என்பது விடுபவர்களின் நம்பிக்கை. ஆனால், கண் திறக்காத குட்டியால் மீன் தின்ன முடியாது. தாயின் சூடு இல்லாமல் ஓர் இரவைக் கடப்பதே அதற்குக் கடினம்.

இப்படி விடப்பட்ட குட்டிகளை எடுத்து வளர்த்து, வீடு தேடிக் கொடுக்கும் வேலையைச் சில வருடங்களாகச் செய்து வருகிறேன். இப்போது என் வாடகை வீட்டில் 6 பூனைகள் இருக்கின்றன. எழுத்து வேலைக்கு முன்னும் பின்னும் இவற்றின் வேலைதான். அதில் கற்றுக்கொண்டவற்றை, வீட்டு வாசலில் ஒரு குட்டியைக் கண்டு திகைத்து நிற்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் சில மணித்தியாலங்கள்

பையிலோ பெட்டியிலோ கட்டிப் போடப்பட்ட குட்டியை உடனே எடுக்க வேண்டும். வளவின் மூலையில் தனியாகக் கிடந்தால், சற்றுத் தூரத்தில் நின்று பாருங்கள். தாய் இரை தேடிப் போயிருக்கலாம், அல்லது குட்டிகளை ஒவ்வொன்றாக இடம் மாற்றிக்கொண்டிருக்கலாம்.

எடுத்த குட்டி குளிர்ந்திருந்தால் முதலில் சூடு கொடுக்க வேண்டும். பால் பிறகுதான். உடல் குளிர்ந்த குட்டிக்குப் பால் செமிக்காது. சுடுநீர் நிரப்பிய போத்தலைத் துவாயில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் வைத்தால், சூடு கூடும்போது குட்டி தானே மறுபக்கம் நகர்ந்துகொள்ளும்.

பசுப்பாலும் நாங்கள் குடிக்கும் பால்மாவும் குட்டிக்கு வயிற்றோட்டத்தைக் கொடுக்கும். நீரிழப்பில் அது இறந்துவிடலாம். பூனைக்குட்டிகளுக்கென்றே பால்மா இருக்கிறது. அது கிடைக்காத ஊர்களில் கால்நடை வைத்தியரிடம் மாற்று வழி கேட்பதே நல்லது. குட்டியைக் குழந்தையைப் போல மல்லாத்திப் பிடிக்காமல், வயிறு கீழே இருக்கும்படி வைத்து, ஊசி கழற்றிய சிறிஞ்சால் துளித்துளியாகக் கொடுக்க வேண்டும். மல்லாத்தினால் பால் நுரையீரலுக்குள் போகும். முதல் வாரத்தில் இரவிலும் 2, 3 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை கொடுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும், வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் பின்பக்கத்தை மெதுவாகத் தடவினால்தான் சலமும் மலமும் கழியும். தாய்ப்பூனை நாவால் நக்குவது இதற்காகத்தான்.

கண்கள் 7 முதல் 14 நாட்களுக்குள் திறக்கும். 4 வாரமளவில், அவித்து முள் எடுத்த மீனைப் பிசைந்து கொடுக்கத் தொடங்கலாம்.

வீட்டில் இருக்கும் நஞ்சுகள்

காய்ச்சலென்று நினைத்துப் பனடோல் கொடுக்கவே கூடாது. அதிலுள்ள பரசிட்டமோலைப் பூனையின் உடலால் முறிக்க முடியாது. ஒரு குளிசையே உயிரை எடுக்கும். நாய்களுக்கான சில தெள்ளு மருந்துகளில் உள்ள பெர்மெத்ரினும் அப்படித்தான். வெங்காயமும் உள்ளியும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். ஆகவே குழம்பு மீனைக் கொடுக்காமல், கறிக்கு எடுக்கும் மீனில் ஒரு துண்டை உப்பில்லாமல் தனியாக அவியுங்கள். வெறும் சோறு போதாது. பூனை இறைச்சியும் மீனும் தின்று வாழும் பிராணி.

பூனை கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரச வைத்தியசாலைக்குப் போக வேண்டும். விசர்நோய் நாய்க்கு மட்டும் வருவதல்ல. காயத்தில் கோப்பித்தூளோ சுண்ணாம்போ வைக்க வேண்டாம். வளர்க்கும் பூனைக்கு வருடாந்தம் விசர்நோய்த் தடுப்பூசி போடுவது வீட்டுக்காரருக்கும் பாதுகாப்பு.

கருத்தடை

ஒரு பெண் பூனை 4, 5 மாதத்திலேயே சினைப்படலாம். சினைக்காலம் ஏறத்தாழ 9 வாரம். குட்டிக்குப் பால் கொடுக்கும்போதே அடுத்த சினை பிடிக்கவும் கூடும். எத்தனை பூனைக்குச் சோறு வைத்தாலும், கருத்தடை செய்யாவிட்டால் சந்தையடியில் விடப்படும் பெட்டிகள் குறையாது. கருத்தடை செய்த தெருப்பூனையின் ஒரு காது நுனியை மயக்கத்திலேயே சிறிதாக வெட்டிவிடுவார்கள். மறுபடி பிடிக்கத் தேவையில்லை என்பதற்கான அடையாளம் அது.

பூனையைச் சாக்கில் கட்டாமல், மூடியுள்ள கூடையில் கொண்டுபோங்கள். வளர்ப்பவர் ஒருவர் இருந்தால் அவரையும் கூட்டிச் செல்லுங்கள். 2009இல் காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடிக்கொண்டிருக்கும் ஓர் அம்மாவின் வீட்டுக்குப் பூனையை எடுக்கப் போனேன். "கொண்டு போனா திருப்பிக் கொண்டு வருவியளோ, பிள்ளை?" என்று கேட்டார். என்னிடம் சொல்வதற்குச் சொல் இருக்கவில்லை. ஓட்டோவில் அவரையும் ஏற்றிக்கொண்டு போனேன். சத்திரசிகிச்சை முடியும்வரை கதவடியிலேயே நின்றார். பின்னேரம் கூடையை மடியில் வைத்துக்கொண்டு வீடு திரும்பினார். தனக்கென்று உலை வைக்க மனம் வராத நாட்களிலும் அந்தப் பூனைக்காகச் சமைப்பதாகச் சொன்னார்.

இடம் மாறும்போது

பூனை இடத்தோடு பழகும் பிராணி. வீடு மாறினால் 2, 3 வாரம் ஓர் அறைக்குள் வைத்துப் பழக்க வேண்டும். உடனே திறந்துவிட்டால் பழைய வளவைத் தேடிப் போய்விடும். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்தை விட்டு நடந்தவர்களுக்கும், வன்னியில் இடத்துக்கு இடம் பதுங்குகுழி வெட்டியவர்களுக்கும் இப்படிப் பழக்க ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை. மாட்டின் கயிற்றை அவிழ்த்துவிட்டு, பூனையை அடுப்படியில் விட்டுவிட்டு வந்த கதை எங்களில் பல வீடுகளில் உண்டு. அதற்கு யாரும் குற்றவாளியில்லை. உயிர் தப்பியதே பெரிய காரியம்.

மனிதருக்கே நீதி கிடைக்காத இடத்தில் பூனைக்கென்ன பராமரிப்பு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். பூனையைப் பார்ப்பதால் அந்த நீதி கிடைத்துவிடாது, தள்ளிப்போகவும் மாட்டாது. இன்று நாங்கள் ஓடிக்கொண்டிருக்கவில்லை. ஒரு கூடையும், கால்நடை வைத்தியரிடம் போக ஒரு காலைப்பொழுதும் எங்களிடம் இருக்கின்றன. உங்கள் வளவில் குட்டி போடும் பூனை ஒன்று இருந்தால், அடுத்த சினைக்கு முன் அதைக் கொண்டுபோங்கள். அயலவர் இருவர் சேர்ந்தால் செலவும் பாதியாகும்.