புது சைக்கிளா, பழைய சைக்கிளா?

ஒரு காலத்தில் நம் திருச்சியில் புது சைக்கிளைவிடப் பழைய சைக்கிளுக்கு மதிப்பு அதிகம். இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். "இங்கிலாந்து வண்டி" என்று ஒருவர் சொன்னால், அதற்கு எத்தனை வயது என்று யாரும் கேட்கமாட்டார்கள்; கொடுப்பாரா என்றுதான் கேட்பார்கள்.

சுதந்திரத்துக்கு முன்னால் நம் ஊர்ச் சாலைகளில் ஓடியவற்றில் பெரும்பாலானவை கப்பலில் வந்தவை. நாட்டிங்காம் நகரத்து ராலே, பர்மிங்காம் நகரத்து பி.எஸ்.ஏ., ஹெர்குலிஸ், பிலிப்ஸ், இவற்றோடு ஹம்பர், ரட்ஜ். பி.எஸ்.ஏ. என்றால் பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ். அடிப்படையில் அது துப்பாக்கிக் கம்பெனி. அதனால்தான் அதன் சின்னத்தில் மூன்று துப்பாக்கிகள் சாய்த்து நிறுத்தியிருக்கும். ஹம்பரைத் தூரத்திலிருந்தே அடையாளம் சொல்லிவிடலாம். அதன் முன் ஃபோர்க்கில் பக்கத்துக்கு இரண்டு குழாய்கள்.

இரண்டாம் உலகப் போர் வந்ததும் இந்தத் தொழிற்சாலைகள் ராணுவத் தளவாடங்கள் செய்யப் போய்விட்டன. புது சைக்கிள் வரத்து குறைந்தது. கையில் இருப்பதை ஓவராயில் பண்ணி ஓட்டுவதுதான் வழி. பழைய வண்டியைப் பிரித்துக் கோர்க்கும் வித்தையில் நம் ஊர்க் கடைக்காரர்கள் தேறியது அந்த வருஷங்களில்தான் என்று அப்பா சொல்லுவார்.

எங்கள் வீட்டுக்கு முதல் சைக்கிள் வந்தது 1953இல். அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். நாகப்பட்டினத்திலிருந்து பணிமனை இங்கே வந்தது 1928இல். அதோடு ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் ஏராளமாகப் பொன்மலையில் குடியேறின. நாடு விடுதலை அடைந்த பிறகு அவர்களில் பலர் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் புறப்பட்டுப் போனார்கள். போகிறவர்கள் மேஜை, நாற்காலி, பியானோ, சைக்கிள் எல்லாவற்றையும் விற்றுவிட்டுத்தான் கப்பல் ஏறினார்கள். அப்படிப் போன ஒரு டிரைவரிடம் அப்பா ஒரு ஹம்பர் வாங்கினார். புது வண்டி வாங்கப் பணம் பற்றாததால் வாங்கியது அல்ல அது. ஆறு மாதம் காத்திருந்து, அந்த வண்டிதான் வேண்டும் என்று வாங்கியது.

அதற்குள் நம் நாட்டிலேயே சைக்கிள் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். 1949இல் முருகப்பா குடும்பத்தாரும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கம்பெனியும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கினார்கள். அம்பத்தூர் ஹெர்குலிஸ் அங்கிருந்து வந்ததுதான். வங்காளத்து அசன்சோலில் சென்-ராலே. 1951இல் சோனிபட்டில் அட்லஸ். 1956இல் லூதியானாவில் ஹீரோ. இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்ததால் இங்கிலாந்து வண்டி அருகிப் போனது. அருகிப் போனதால் அதன் மவுசு இன்னும் கூடியது.

ஆனாலும் பழைய வண்டிகள் அத்தனை காலம் ஓடியதற்கு மவுசு மட்டும் காரணம் இல்லை. நான் 1963இல் அதே பணிமனையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்து, கடைசல் இயந்திரத்தில் 39 வருஷம் நின்றவன். என் கண்ணுக்குத் தெரிகிற காரணம் வேறு. பர்மிங்காமில் செய்த வண்டிக்கும் அம்பத்தூரில் செய்த வண்டிக்கும் லூதியானாவில் செய்த வண்டிக்கும் அளவு ஒன்றுதான். சக்கரம் 28க்கு 1½ அங்குலம். முன் சக்கரத்தில் 32 போக்ஸ் கம்பி, பின் சக்கரத்தில் 40. செயினின் ஒரு கண்ணிக்கும் அடுத்ததற்கும் அரை அங்குலம். பெடல் தண்டைப் பிடிப்பது காட்டர் பின். ஆகவே ஹம்பரின் ரிம் துருப்பிடித்தால் லூதியானா ரிம் போடலாம். ஃப்ரீவீல் போனால் அம்பத்தூர் ஃப்ரீவீல். சைக்கிளுக்கு வயது ஆகவில்லை, பாகங்களுக்குத்தான் ஆயிற்று.

ஒரே ஒரு முரண்டு பிடிக்கும் வண்டி உண்டு, ராலே. மற்றவர்கள் பெடல் அச்சுக் கிண்ணத்துக்கு அங்குலத்துக்கு 24 மரை வெட்டினால், ராலே மட்டும் 26 மரை வெட்டும். ராலே பழசாக வாங்குகிறவர்களிடம் பாலக்கரை பாய் முதலில் சொல்வது இதைத்தான்: "வண்டி நல்ல வண்டி. ஆனா கிண்ணம் போச்சுன்னா என்னைத் திட்டாதீங்க."

அந்தப் பாய் கடையில்தான் பழைய சைக்கிளைப் பார்த்து வாங்கும் கலையை நான் கற்றேன். அவர் பெயின்டைப் பார்க்கமாட்டார். முதலில் வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ஹாண்டில்பாரிலிருந்து கீழே இறங்கும் குழாயின் அடிப்பக்கத்தை விரலால் தடவுவார். பெயின்ட் சுருங்கியோ வெடித்தோ இருந்தால் வண்டி எதிலோ நேருக்கு நேர் மோதியிருக்கிறது என்று பொருள். பிறகு ஒரு நூல். பின் சக்கரம் மாட்டும் இடத்தில் ஒரு பக்கம் கட்டி, முன் கழுத்தைச் சுற்றி, மறுபக்கம் கொண்டுவந்து இழுத்துக் கட்டுவார். சீட்டுக்குக் கீழே இருக்கும் குழாய்க்கும் நூலுக்கும் நடுவே இரு பக்கமும் ஒரே இடைவெளி இருக்கவேண்டும். இல்லையென்றால் ஃப்ரேம் கோணல். "ரிம் கோட்டம்னா நான் எடுத்துடுவேன். ஃப்ரேம் கோட்டம்னா காசை எடுத்துட்டுப் போயிடுங்க" என்பார். கடைசியாக ரசீது, ஃப்ரேம் நம்பர், நகராட்சி வரி வில்லை. இவை சரியாக இல்லாத வண்டியை எத்தனை மலிவாகக் கொடுத்தாலும் தொடமாட்டார்.

பிற்பாடு காலம் மாறியது. உள்நாட்டு உற்பத்தி பெருகி, புது சைக்கிள் சாதாரணக் குடும்பத்துக்கும் எட்டியது. பணிமனைச் சங்கு ஊதினால் வாசலில் வெளியே வரும் கூட்டத்தில் ஹெர்குலிஸும் ஹீரோவும்தான். பக்கத்துப் புதுக்கோட்டையில் 1991இல் அறிவொளி இயக்கம் சைக்கிளையும் எழுத்தோடு சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. அப்போது ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தார். லேடீஸ் சைக்கிள் போதாததால் பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே பழகினார்கள். அதிலேயே சிலர் விரும்பி நிலைத்தார்கள். முன் பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம் அல்லவா! பத்திரிகையாளர் சாய்நாத் இதை எழுதியிருக்கிறார். புதுசா பழசா, ஆண் வண்டியா பெண் வண்டியா என்பதெல்லாம் அவர்களுக்கு இரண்டாம் பட்சம். வண்டி கைக்குக் கிடைத்ததே பெரிய விஷயம்.

2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு அரசு விலையில்லா சைக்கிள் கொடுக்க ஆரம்பித்து, சில வருஷங்களில் அரசுப் பள்ளி பிளஸ் 1 பிள்ளைகள் எல்லோருக்கும் கிடைத்தது. பள்ளிப் பிள்ளைக்குப் பழைய சைக்கிள் தேடும் வேலை பல வீடுகளில் அதோடு நின்றுபோனது. மறுபக்கம் மோட்டார் சைக்கிள் பெருகியது. 2020 ஜூன் 3ஆம் தேதி, உலக சைக்கிள் தினத்தன்று, அட்லஸ் தன் கடைசித் தொழிற்சாலையை மூடியது. செய்தியைப் படித்துவிட்டு அன்று வெகுநேரம் எனக்கு வேறு எதிலும் மனசு ஓடவில்லை.

இப்போது அதே கேள்வி வேறு வேஷத்தில் வந்திருக்கிறது. சென்னையில் வேலை பார்க்கும் என் பேரன் ரோடு பைக் வாங்கப் போகிறான். மெல்லிய டயர், வளைந்த ஹாண்டில்பார், பத்துப் பதினைந்து கியர் வைத்த ஓட்ட வண்டி. புது வண்டி விலையில் பாதிக்கு, இரண்டு வருஷம் ஓட்டிய வண்டி கிடைக்கிறது என்கிறான். மிச்சமாகும் பணம் அவனுக்குப் பெரிசு. ஆனால் அவன் போகப்போவது லாரி ஓடும் சாலை. அந்த வேகத்தில் ஃபோர்க் உடைந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

அவன் அனுப்பிய படங்களையும் விவரங்களையும் இரண்டு நாள் பார்த்தேன். ஒன்று புரிந்தது. எங்கள் காலத்து ஒரே அளவு என்பது இப்போது இல்லை. பெடல் அச்சில் எத்தனையோ வகை. எட்டுப் பல்சக்கர வண்டியின் செயின் பதினொன்றுக்கு ஆகாது. ஆனால் கண்ணிக்குக் கண்ணி தூரம் மட்டும் இன்றும் அதே அரை அங்குலம்தான்! எனவே என் இரும்பு ஸ்கேல் இன்றும் செல்லும். செயினை இழுத்துப் பிடித்து 24 கண்ணிகளை அளந்தால் சரியாக 12 அங்குலம் வரவேண்டும். பன்னிரண்டேகால் அங்குலத்தின் பாதி வழிக்கு, அதாவது கால் அங்குலத்தில் பாதி கூடியிருந்தால், செயினோடு பின் பல்சக்கரங்களும் தேய்ந்திருக்கும். அந்தச் செலவை விலையில் கழிக்கவேண்டும்.

பேரனுக்கு நான் சொன்ன முடிவு இது. கார்பன் ஃப்ரேம், கார்பன் ஃபோர்க் என்றால் முன்பின் தெரியாதவரிடம் பழசு வாங்காதே. இரும்பு அடிபட்டால் வளைந்து காட்டிக்கொடுக்கும். கார்பன் உள்ளே அடுக்கு பிரிந்திருந்தாலும் வெளியே சும்மா இருக்கும். பாயின் விரலுக்கும் நூலுக்கும் அது அகப்படாது. இரும்பு அல்லது அலுமினியம் என்றால் தாராளமாகப் பழசு பார். பற்றவைத்த இடங்களில் வெடிப்பு இருக்கிறதா என்று பார். ரசீதும் ஃப்ரேம் நம்பரும் ஒத்துப்போகவேண்டும். டயர், பிரேக் கட்டை, கேபிள், செயின் நான்கையும் முதல் நாளே புதுசாகப் போடு; அதற்கான பணத்தை முதலிலேயே ஒதுக்கு. எல்லாவற்றுக்கும் முன்னால், உன் வீட்டுப் பக்கத்தில் அந்த வண்டியைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த ஒரு கடை இருக்கிறதா என்று விசாரி. இல்லையென்றால் புதுசே வாங்கு. விற்கிற கடைக்காரராவது பொறுப்பேற்பார்.

எழுபது வருஷமாக நான் பார்த்ததில் நல்ல பழைய சைக்கிளுக்குப் பின்னால் எப்போதும் ஒரு நல்ல கடைக்காரர் இருந்திருக்கிறார். கேட்ட பாகம் கிடைத்தது, பூட்டத் தெரிந்த கை இருந்தது; அதனால் பழசு ஜெயித்தது. அந்தக் கை இல்லாத ஊரில் பழைய வண்டி வெறும் பழைய இரும்பு.

உங்கள் வீட்டு முதல் சைக்கிள் எது? புதுசா, பழசா? யாரிடமிருந்து வாங்கினீர்கள், யார் கடையில் ஓவராயில் பண்ணினீர்கள்? நினைவிருப்பவர்கள் எழுதுங்கள். இங்கிலாந்து வண்டி இன்னும் யார் வீட்டுக் கொல்லையிலாவது நின்றால் அதையும் சொல்லுங்கள், நான் வந்து பார்க்கிறேன்.