நிறமூர்த்தம்

யாழ்ப்பாணத்தில் உயர்தர உயிரியல் படித்தவர்களுக்கு முதலில் பழகிய சொல் ‘நிறமூர்த்தம்’. ‘குரோமோசோம்’ பிறகு வந்தது.

கலம் (செல்) பிரியும்போது சாயத்தை உறிஞ்சிக் கடும் நிறத்தில் தெரிந்த இழைகளுக்கு, ஜெர்மானிய உடற்கூற்று அறிஞர் வால்டையர் 1888இல் ‘குரோமோசோம்’ எனப் பெயர் வைத்தார். நிறம், உடல் என்னும் பொருளுடைய இரண்டு கிரேக்கச் சொற்களை அவர் கூட்டினார். மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன் அதற்கு முன்பே, 1884இல், காலமாகிவிட்டார். அவர் தமிழாக்கிய நூல்களில் இச்சொல்லைத் தேடிப் பயனில்லை. பின்னாளில் இலங்கையில் விஞ்ஞானப் பாடங்கள் தாய்மொழிக்கு மாறியபோது, சிங்களத்தில் ‘வர்ணதேஹ’ என்றும் தமிழில் ‘நிறமூர்த்தம்’ என்றும் ஆயிற்று.

உடல் என்னாமல் மூர்த்தம் என்றது அருமையான தெரிவு. சிவனின் மகேசுவர மூர்த்தங்கள் 25 என்று கேட்டு வளர்ந்த சைவ ஊருக்கு, மூர்த்தம் என்பது உருக்கொண்டு வெளிப்படும் நிலை. கலம் பிரியாதபோது இந்த இழைகளும் மெல்லிய நூலாகப் பரந்து கிடக்கும். பிரியும் வேளையில்தான் சுருண்டு தடித்துக் கண்ணுக்குப் புலப்படும்.

மனிதக் கலத்தில் இவை 23 சோடி, பனையில் 18 சோடி. ஒவ்வொரு சோடியிலும் ஒன்று தாய்வழி, மற்றது தந்தைவழி. இச்சோடியை ‘அமைப்பொத்த நிறமூர்த்தங்கள்’ என்கிறோம். வெறுமனே ‘ஒத்த’ என்றால் பிழை. ஒரே பரம்பரையலகு இரண்டிலும் ஒரே இடத்தில் இருக்கும். ஆனால் அதன் எதிருருக்கள், அதாவது மாற்று வடிவங்கள், வேறுபடலாம். ஒத்திருப்பது அமைப்பு மட்டுமே.

1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த யாழ்ப்பாண வழக்குச் சட்டமான தேசவழமைப்படி தகப்பனின் முதுசம் ஆண்மக்களுக்கு, தாயின் சீதனம் பெண்மக்களுக்கு. புணரிகள் (விந்து, முட்டைக் கலங்கள்) உருவாகும் ஒடுக்கற்பிரிவில் அந்தப் பங்கீடு செல்லாது. மகளுக்கும் தகப்பனிடமிருந்து 23, மகனுக்கும் தாயிடமிருந்து 23. சோடியில் எது புணரிக்குப் போகும் என்பது தற்செயல்; அந்த வகையில் மட்டும் 83 இலட்சத்துக்கு மேற்பட்ட சேர்க்கைகள் வரலாம். பிரியுமுன் சோடிகள் ஒட்டி நின்று துண்டுகளையும் மாற்றிக்கொள்வதால் வகை இன்னும் பெருகும். பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு இயல்புகள் வருவதை ஆராயும் இயலுக்குப் ‘பிறப்புரிமையியல்’ என்ற பெயர் மிகவும் பொருந்துகிறது.

பரம்பரையலகுக்குத் தமிழகம் வழங்கும் ‘மரபணு’ சுருக்கமான, நல்ல சொல். இங்கும் பத்திரிகைகளில் புழங்குகிறது, புழங்கட்டும். அதற்காக நிறமூர்த்தம் போன்ற நம் சொற்களைக் கைவிட வேண்டாம். பாடநூல் எழுதுவோர் இரு கரை வழக்குகளையும் அருகருகே அச்சிட வேண்டும்.