மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் (இராமநாதபுரம் கடற்கரை)

இராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊர்களில் மீன் பிடிப்போரையும் விற்போரையும் உறுப்பினராகக் கொண்டு, மீன்வளத் துறையின் மேற்பார்வையில் இயங்கும் சங்கங்கள். பாக் நீரிணைப் பக்கம் தொண்டி முதல் இராமேசுவரம் வரையிலும், மன்னார் வளைகுடாப் பக்கம் பாம்பன், கீழக்கரை, வாலிநோக்கம் வரையிலும் இவை உண்டு. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிச் சங்கங்கள்.

இவற்றின் தொடக்கம் உழவர் கடனில் இருக்கிறது. 1892இல் சென்னை அரசு நியமித்த பிரடெரிக் நிக்கல்சன், ஜெர்மனியின் ரைஃபைசன் கிராம வங்கிகளை ஆராய்ந்து 1895இலும் 1897இலும் அறிக்கை அளித்தார். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அவ்வாண்டே அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துத் திரூரில் சங்கம் பதிவாயிற்று. அச்சட்டம் கடன் சங்கங்களுக்கு மட்டுமே இடம் தந்தது. விற்பனை, உற்பத்திச் சங்கங்களுக்கு 1912ஆம் ஆண்டுச் சட்டம் வழி திறந்தது. இதே நிக்கல்சன்தான் ஓய்வுக்குப் பின் சென்னை மாகாண மீன்துறைக்கும் அடித்தளமிட்டார். உழவரை மனத்தில் வைத்து வெட்டிய சட்டை மீனவருக்குப் பொருந்தாமல் போனதில் வியப்பில்லை. உழவர் நிலத்தை ஈடு காட்டுவார். மீனவரின் சொத்தோ ஒரு புயலில் போய்விடும் படகும் வலையும்.

சங்கக் கடன் எட்டாத அந்த இடத்தை வியாபாரியின் முன்பணம் நிரப்பியது. முன்பணம் தருபவர் பல நேரம் வட்டி கேட்பதில்லை. கரைக்கு வரும் மீனை அவரிடமே, அவர் சொல்லும் விலைக்குப் போட வேண்டும்; கழிவும் அதிலேயே பிடித்துக்கொள்வார். முதல் அப்படியே நிற்கும். மீனவரை ஏழையாக வைத்திருந்தது கடலைவிட இந்தக் கணக்குத்தான்.

விடுதலைக்குப் பின் அரசு விசைப்படகுக்கும் வலைக்கும் மானியம் தந்தது. 1991இல் மாநில அளவிலான மீனவர் கூட்டுறவு இணையம், 'டாப்கோஃபெட்', அமைந்தது. டீசல் விற்பனையும் விபத்துக் காப்பீடும் அதன் வழியே நடக்கின்றன. சங்கங்களுக்கு ஆள் சேர்ப்பது பெரும்பாலும் நிவாரணமே. சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் மீனவப் பெண் ஒருவர் சிறுகச் சிறுக 1,500 ரூபாய் கட்டுகிறார். மாநில அரசு 3,000 சேர்க்க, மீன்வரத்துக் குறைந்த மாதங்களில் 4,500 ரூபாய் கைக்கு வரும். மழைக்கால அரிசிக்கும் பள்ளிச் செலவுக்கும் அதுதான்.

ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாயாகும் என்று 2023இல் மண்டபம் மாநாட்டில் முதல்வர் அறிவித்தார். கடற்பாசி வளர்ப்பில் மகளிர் குழுக்களும் இறங்கியுள்ளன. ஆனாலும் இராமேசுவரத்தில் இறால், நண்டு, கணவாய்க்கு இன்றும் வியாபாரிகளே விலை சொல்கிறார்கள்.