சேற்றுக்கு மூச்சு வேண்டும்

பழவேற்காடு ஏரியில் கோட்டைக்குப்பத்து மீனவர்கள் முறை வைத்து இறால் பிடிக்கும் பாடு வழக்கம், முகத்துவாரம் வழியாக ஏறி இறங்கும் நீரை நம்பியே நடந்துவந்திருக்கிறது. அதே நீரோட்டத்தை நம்பி ஏரியின் சேற்றில் இன்னொரு கூட்டமும் பிழைக்கிறது: எண்ணெயிலும் நிலக்கரித் தூளிலும் உள்ள ஹைட்ரோகார்பன்களை உடைத்துத் தின்னும் பாக்டீரியாக்கள். தெற்கே எண்ணூரில் அரை நூற்றாண்டாக நடந்ததைப் பார்த்தால், பாக்டீரியாவுக்கு அங்கே பஞ்சமில்லை, அவற்றுக்கு மூச்சுவிடத்தான் வழியில்லை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம், தொண்ணூறுகளில் வடசென்னை அனல்மின் நிலையம், 2001இல் நிலக்கரி இறக்குவதை முதல் வேலையாகக் கொண்ட துறைமுகம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மின் நிலையக் குழாய்களில் கசிந்த சாம்பல் குழம்பு படிந்து கொசஸ்தலையாற்றுக் கழி மேடிட்டது. இத்தகைய கழிச்சேற்றில் கையை விட்டால் மேலே மெல்லிய பழுப்பு, அதன் கீழே கறுப்பு, கூடவே அழுகிய முட்டை நாற்றம். பழுப்பில் ஆக்சிஜன் உண்டு, கறுப்பில் இல்லை. நாப்தலீன் போன்றவற்றின் வளையத்தைப் பிளக்கும் பாக்டீரியா முதலில் அதில் ஆக்சிஜனைத்தான் செருகுகிறது. அது கிடைக்காத ஆழத்தில் இந்த வேலை மிக மெதுவாகவே நடக்கும். ஐந்து வளையம் கொண்ட பென்சோபைரீன் எங்குமே எளிதில் மசியாது. சாம்பலோடு வரும் உலோகங்களையோ எந்த பாக்டீரியாவாலும் தின்று தீர்க்க முடியாது.

வளர்த்த பாக்டீரியாவைத் தூவினால் ஆகாதா என்று கேட்கலாம். வங்காளத்தில் பிறந்த ஆனந்த மோகன் சக்கரவர்த்தி உருவாக்கிய எண்ணெய் தின்னும் பாக்டீரியாவுக்குக் காப்புரிமை உண்டு என்று 1980இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது இந்த நம்பிக்கை வலுத்தது. ஆனால் 1989இல் எக்ஸான் வால்டெஸ் கப்பலின் எண்ணெய் அலாஸ்காவில் கரையேறியபோது பெரிதும் கைகொடுத்தது உரம்தான். அதைத் தெளித்ததும் அங்கேயே இருந்த பாக்டீரியாக்கள் சுறுசுறுப்பாயின. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதியபின் வாளிவாளியாக அள்ளிய கசடைத் துறைமுக வளாகத்திலேயே வைத்து பாக்டீரியா கொண்டு சுத்திகரித்தார்கள். அள்ளி வைத்த கசடைக் கிளறலாம், அதற்கு ஈரமும் உரமும் தரலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்து எண்ணூர்க் கழியின் அலையாத்தி வேர்களில் அப்பிய எண்ணெயை யார் கிளறுவது?

எண்ணூர் வேறு, பழவேற்காடு வேறு என்பாரும் உண்டு. பக்கிங்காம் கால்வாய் இரண்டையும் கோத்திருக்கிறது. பழவேற்காட்டு முகத்துவாரத்தை மணல் அடைக்கும்போது ஏரியும் தேங்கத்தான் செய்கிறது; தேங்கினால் அதன் சேற்றுக்கும் மூச்சு முட்டும். ஆகவே முகத்துவாரம் திறப்பதை மீன்வளச் செலவாக மட்டும் எழுதுவது தவறு. கழியில் படிந்த சாம்பலை அள்ளுவதைப் போல அதுவும் மாசு நீக்கும் வேலைதான். தோண்டினால் புதைந்த நஞ்சு கலங்கி எழும் என்ற அச்சம் நியாயமானது. அதனால் சேற்றைச் சோதித்து, பகுதி பகுதியாக, இறால் பருவம் பார்த்து அள்ள வேண்டும். அந்தப் பருவத்தைப் பாடு முறையில் வலை கட்டுகிறவர்களிடமே கேட்க வேண்டும்.