கோல், மிலாறு, பிரம்பு

எபிரேய மொழியில் ‘ஷேவெத்’ என்று ஒரு சொல் உண்டு. மரத்திலிருந்து வெட்டிய தடி என்பதுதான் அடிப்படைப் பொருள். மேய்ப்பன் கையில் இருந்தால் அது மந்தைக்குக் காவல். அரசன் கையில் இருந்தால் அதிகாரம். ஒரு குலத்துக்கும் அதே சொல்தான் பெயர். தமிழ் விவிலியத்தைப் புரட்டினால் இந்த ஒற்றைச் சொல் ஐந்து வேடம் கட்டி வருவதைப் பார்க்கலாம். ஆதியாகமத்தில் யூதாவுக்கு வாக்களிக்கப்பட்ட செங்கோல். இஸ்ரவேலின் பன்னிரண்டு கோத்திரம். இருபத்து மூன்றாம் சங்கீதத்தில் மரண இருளில் தேற்றும் கோல். தாவீதின் வாரிசு தவறினால் கடவுள் கையில் எடுக்கும் மிலாறு. நீதிமொழிகளில் பிள்ளை வளர்ப்பு என்று பேச்சு வந்ததும், பிரம்பு.

பிரம்பு மழைக்காட்டில் மரங்களைப் பற்றி ஏறும் முள்கொடி, பனையின் உறவு. யூதேயாவின் வறண்ட மலைகளில் அது வளர்வதில்லை. அங்கே ஒரு தகப்பன் தடி எடுத்திருந்தால் ஊரில் கிடைத்த ஏதோ ஒரு மரத்தின் கிளையாகத்தான் இருந்திருக்கும். அந்தக் கிளை நம் ஊர் வீடுகளின் எரவாணத்தில் செருகிய பிரம்பாக மாறுவதற்குள் அது நெடுந்தூரம் நடந்திருக்கிறது.

புறப்பட்ட இடமே ஒரு சந்திப்பு. நைல் நதியின் நடுவே எலிபன்டைன் என்று ஒரு தீவு. அங்கே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோண்டியபோது, அரமேய மொழியில் எழுதிய பாப்பிரஸ் ஏடு ஒன்று கிடைத்தது. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டுப் பிரதி. அசீரிய அரசவையில் ஆலோசகராக இருந்த அகிக்கார் தன் வளர்ப்பு மகனுக்குச் சொன்னதாகப் புத்திமதிகள் அதில் இருக்கின்றன. மகனைத் தடியிலிருந்து தப்பவிடாதே, அடித்தால் செத்துவிட மாட்டான் என்ற பொருள்பட அவரும் பேசுகிறார். நீதிமொழிகள் 23ஆம் அதிகாரமும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. சீனாய் மலையில் இறங்கிய கட்டளை என்று பிற்காலத்தார் கையில் ஏந்திய தடி, அன்றைய மேற்காசியத் தகப்பன்மார் எல்லோருக்கும் பொதுவாக இருந்த தடி.

இந்த இடத்தில் இன்றைய பிரசங்கியார் சிலர் ஒரு குறுக்கு வழியில் போகிறார்கள். மேய்ப்பன் கோலால் ஆட்டை அடிப்பதில்லை, வழிதான் காட்டுகிறான். ஆகவே நீதிமொழிகளும் அடியைச் சொல்லவில்லை என்பார்கள். எண்ணம் நல்லது. ஆனால் 23ஆம் அதிகாரம் அடியைத்தான் சொல்கிறது. பூசி மெழுக முடியாது. அந்த வரிகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் அவற்றை என்ன செய்தார்கள் என்று பார்ப்பது இதைவிட நேர்மையான வழி.

அவர்கள் தடியைச் சீவினார்கள். மூன்றாம் நூற்றாண்டில் பாபிலோனில் வாழ்ந்த ராவ் என்ற பெரிய ரபி, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஓர் ஆசிரியரிடம் சொன்னது யூதர்களின் தால்மூது நூலில் பதிவாகியிருக்கிறது: பிள்ளையை அடிக்க நேர்ந்தால் செருப்பு வாரால் மட்டும் அடி. படிக்கிறவன் படிப்பான், படிக்காதவன் மற்றவனுக்குத் துணையாக உட்கார்ந்திருக்கட்டும். வேதத்தில் இருந்த தடி, வேதத்தைக் கரைத்துக் குடித்தவர் கையில் ஒரு தோல் வாராக இளைத்துவிட்டது.

மேற்கே போன தடிக்கு அந்த இளைப்பு வாய்க்கவில்லை. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் ஜெரோம் எபிரேயத்திலிருந்து லத்தீனுக்கு மொழிபெயர்த்தபோது அது ‘விர்கா’ ஆயிற்று. விர்கா என்றால் மெல்லிய பச்சைக் குச்சி, விளாறு. ஊன்றி நடக்க உதவாது. வீசினால் சுள்ளென்று பிடிக்கும். ரோமானியப் பள்ளிகளில் அடி ஏற்கனவே வழக்கம்தான். இப்போது அதற்கு வேதத்தின் முத்திரையும் கிடைத்தது.

ஜெரோமின் காலத்தவர் அகுஸ்தீன். இன்றைய அல்ஜீரியாவில் இருக்கும் தகாஸ்தேயில் பிறந்தவர். நடு வயதில், ஆயராக இருந்தபோது, தன் வாழ்க்கையைக் கடவுளிடம் சொல்வதுபோல எழுதினார். அதில் பள்ளிக்கூட நாட்களை மறக்காமல் குறிப்பிடுகிறார். சிறுவனாக அவர் செய்த முதல் வேண்டுதல்களில் ஒன்று, பள்ளியில் அடி விழக்கூடாது என்பது. அடி விழுந்தது. பெரியவர்கள் சிரித்தார்கள், பெற்றோரும் சிரித்தார்கள். இந்தத் தடியின் வரலாற்றில் அதை வாங்கிய முதுகு வாய் திறப்பது மிக அபூர்வம். அகுஸ்தீன் ஆயர் ஆனதால் அந்தச் சிறுவனின் குரல் நம் காதுக்கு வந்தது.

மடாலயங்கள் தடியைச் சட்டமாக்கின. ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் எழுதிய ஒழுங்குமுறை, சபை விலக்கின் கனம் புரியாத சிறுவர்களுக்கு உபவாசத்தையோ அடியையோ விதித்தது. ஐந்நூறு ஆண்டு கழித்து ஒரு மடாதிபதி அன்செல்ம் என்ற துறவியிடம் வந்து அலுத்துக்கொண்டார்: இரவும் பகலும் அடிக்கிறோம், பையன்கள் இன்னும் கெட்டுத்தான் போகிறார்கள். அன்செல்ம் திருப்பிக் கேட்டார்: ஒரு செடியை நட்டு, நாலு பக்கமும் இறுக அடைத்துவைத்தால் கிளை எப்படி வளரும்? கோணிக்கொண்டுதானே வளரும்? நம் ஊரில் முருங்கையை ஒடித்து வளர்க்கச் சொல்கிறவர்கள் இந்தச் செடியையும் பார்த்திருக்கலாம்.

இங்கிலாந்தில் விர்கா பிர்ச் மரத்தின் விளார்க்கட்டாக வடிவெடுத்தது. பெரிய வீட்டுப் பிள்ளைகள் படித்த ஈட்டன் பள்ளியிலும் அது பேர்போனது. தடியைத் தவிர்ப்பதையும் பிள்ளை கெடுவதையும் முடிச்சுப்போடும் ஆங்கிலப் பழமொழி உலகெங்கும் வேத வசனமாக ஒப்பிக்கப்படுகிறது. அந்த வடிவம் விவிலியத்தில் இல்லை. சாமுவேல் பட்லர் 1664இல் வெளியிட்ட ‘ஹூடிப்ராஸ்’ கவிதையின் இரண்டாம் பாகத்தில்தான் அது பிரபலமாயிற்று. பியூரிட்டன்களைக் கேலி செய்ய எழுதிய நையாண்டி அது. அந்த இடத்தில் ஒரு விதவை, தன்னைக் காதலிப்பதாகச் சொல்லும் வீரன் அதை நிரூபிக்கச் சாட்டையடி வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அவனைச் சீண்டுகிறாள். பிள்ளை வளர்ப்புக்கும் அந்தக் காட்சிக்கும் சம்பந்தமே இல்லை. கிண்டல் காலப்போக்கில் வசனமாகிவிட்டது.

மெத்தடிசத்தை நிறுவிய ஜான் வெஸ்லியின் தாய் சுசன்னா 1732இல் மகனுக்கு எழுதிய கடிதத்தில் கிண்டல் கிடையாது. ஒரு வயதாகும்போதே தன் பிள்ளைகளுக்குத் தடிக்கு அஞ்சவும், சத்தம் வராமல் அழவும் பழக்கியதாக எழுதுகிறார். கொடுமைக்காரி எழுதிய கடிதம் இல்லை அது. பிள்ளைகளின் ஆத்துமா கெட்டுவிடக் கூடாதே என்று தவித்த தாய் எழுதியது. தடியின் பலமே அங்கேதான் இருக்கிறது. அதை ஓங்கியவர்களில் பலர் அன்பின் பெயரால்தான் ஓங்கினார்கள்.

பிறகு கப்பல்கள் வந்தன. தென்கிழக்காசியக் காடுகளின் பிரம்பு ஐரோப்பாவுக்குப் போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலப் பள்ளிகள் பலவற்றில் விளார்க்கட்டின் இடத்தை அது பிடித்துக்கொண்டது. வேதம் எதிர்த்திசையில் வந்தது. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழில் முடித்து, பழைய ஏற்பாட்டில் ரூத் வரை வந்து, 1719இல் இறந்தார். மிச்சத்தை ஷூல்ட்ஸே முடித்தார். பின்னால் பப்ரீசியஸின் மொழிபெயர்ப்பு வந்தது. 1871இல் பவர் தலைமையிலான திருத்தம் வந்தது. சபைகளில் இன்றும் வாசிக்கப்படும் அந்த வழிவந்த வேதத்தில், பிள்ளையைத் திருத்தும் தடி பிரம்பு. தமிழ் வாசகனுக்கு விளக்கமே தேவையில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் கையில் அவன் நாளும் பார்த்தது அது. ‘அடியாத மாடு படியாது’ என்று அவன் பாட்டியும் சொல்லியிருந்தாள். மூலத்தில் மேய்ப்பனோடும் அரசனோடும் ஒரே சொல்லாக ஒட்டிக்கொண்டிருந்த தடி, தமிழில் அவர்களிடமிருந்து பிரிந்து முழுக்க முழுக்க வாத்தியார் வசம் போய்ச் சேர்ந்தது.

இதற்கிடையே தடி நீதிமன்றமும் ஏறியது. 1860இல் இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்னில் தாமஸ் ஹாப்லி என்ற ஆசிரியர், தகப்பனிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு, 15 வயது மாணவனைக் கைத்தடியாலும் கயிற்றாலும் அடித்தே கொன்றார். நான்கு ஆண்டு சிறை கிடைத்தது. அளவோடும் நியாயத்தோடும் அடித்தால் குற்றமில்லை, இது அளவு மீறியது என்பது தீர்ப்பின் சாரம். ‘நியாயமான அடி’ என்ற அந்தக் கோடு ஆங்கிலச் சட்டம் போன தேசமெல்லாம் போயிற்று.

பள்ளிகளில் அந்தக் கோட்டை அழிக்க நூறாண்டுக்கு மேல் ஆனது. 1982இல் ஸ்காட்லாந்துத் தாய்மார் இருவர், பள்ளிகளில் தோல்வார் அடி தங்கள் நம்பிக்கைக்கு விரோதம் என்று வாதாடி, ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் வென்றார்கள். 1986இல் பிரிட்டன் அரசுப் பள்ளிகளில் பிரம்பைத் தடைசெய்தது. 1998இல் இங்கிலாந்தின் தனியார் பள்ளிகளுக்கும் தடை சட்டமாயிற்று. உடனே வழக்கு திசைமாறியது. அடி கூடாது என்பது ஒருவரின் நம்பிக்கை என்றால், அடி வேண்டும் என்பது எங்கள் நம்பிக்கை என்று கிறிஸ்தவப் பள்ளிகள் சில நீதிமன்றம் ஏறின. ஆதாரமாக நீதிமொழிகளைக் காட்டின. அவர்கள் விவரித்த முறை இது: பையன்களுக்குத் தட்டையான பலகையால் அடி, பெண்பிள்ளைகளுக்குக் கையில் வார்; பிறகு ஆறுதல் சொல்லி ஜெபிக்கவைப்பது. 2005இல் பிரபுக்கள் சபை நீதிபதிகள், இது உண்மையான மத நம்பிக்கைதான் என்று ஏற்றுக்கொண்டார்கள். பிள்ளைகளைக் காக்கும் சட்டம் அதற்கும் மேலே என்று தள்ளுபடி செய்தார்கள்.

தென்னாப்பிரிக்காவில் 196 கிறிஸ்தவப் பள்ளிகளின் கூட்டமைப்பு இதே கோரிக்கையோடு அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போய் 2000இல் தோற்றது. 2019இல் வீட்டுக்குள் பெற்றோர் அடிப்பதற்கு இருந்த சட்டப் பாதுகாப்பையும் அதே நீதிமன்றம் நீக்கியது. அந்தத் தீர்ப்பை எழுதிய அன்றைய தலைமை நீதிபதி மொகோயெங் ஒரு போதகரும்கூட. இந்தியாவில் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், பள்ளியில் உடல் தண்டனைக்குத் தடை விதித்தது.

2000இல் நீதிபதி ஆல்பி சாக்ஸும் 2005இல் நீதிபதி ஹேலும், வேறு வேறு கண்டத்தில், ஒரே குறையைப் பதிவுசெய்தார்கள். பெற்றோர் வந்தார்கள், பள்ளிகள் வந்தன, அரசு வந்தது. யாருக்காக இந்த வழக்கோ அந்தப் பிள்ளைகளின் சார்பில் பேச ஒருவர்கூட வரவில்லை. தகாஸ்தே பையனுக்குப் பிறகு பதினாறு நூற்றாண்டு போயிருந்தது.

நம் ஊரில் ஒரு தாத்தா இறந்தால், துக்க வீட்டில் இருபத்து மூன்றாம் சங்கீதம் வாசிப்பார்கள். ‘கோல்’ என்ற சொல் வரும்போது கைக்குட்டைகள் கண்ணுக்குப் போகும். பெரியவர்களின் காலிடுக்கில் உட்கார்ந்திருக்கும் பேரனும் அதைக் கேட்கிறான். தாத்தாவைத் தேற்றி வழியனுப்பும் அந்தக் கோலும், எரவாணத்தில் தனக்காகச் செருகிவைத்திருக்கும் பிரம்பும் மூலத்தில் ஒரே சொல் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை.