அரியலூர்–பெரம்பலூர் தொல்கடற்கரை

அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களிலும் அவற்றை ஒட்டிய திருச்சிராப்பள்ளி மாவட்டப் பகுதியிலும் வெளிப்பட்டுக் கிடக்கும் கடற்படிவுப் பாறைநிலம். காவிரிப் படுகையைச் சேர்ந்தது. கோண்டுவானா என்னும் பெருங்கண்டம் உடைந்தபோது இங்கே கடல் புகுந்தது. சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கரும் பிரிந்துபோக, இந்தியா தனித் தீவாகி வடக்கு நோக்கி நகர்ந்தது. ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவுடன் மோதியது. கரிசலும் முந்திரித் தோப்பும் சிமென்ட் ஆலைகளுமாக இன்று காணும் இந்நிலம் அந்தத் தீவின் கரையாக இருந்தது. கடல் ஏறியதும் இறங்கியதும் இங்கே அடுக்கடுக்காகப் பதிந்திருக்கின்றன. ஆகவே இதைக் காண வருபவர் ஓரிரு அரிய படிவங்களை மட்டும் பார்த்துத் திரும்பாமல், அடுக்குகளின் வரிசையைப் பின்பற்றிச் செல்வதே முறையாகும். பாதுகாக்கப்பட வேண்டியதும் அந்த வரிசைதான்.

ஆய்வு வரலாறு

1840களில் புதுச்சேரி, திருச்சிராப்பள்ளி வட்டாரங்களில் கே, கன்லிஃப் ஆகியோர் திரட்டிய தொல்லுயிர்ச் சிப்பிகளை எட்வர்டு ஃபோர்ப்ஸ் 1846இல் விவரித்தார். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எச். எஃப். பிளான்ஃபோர்டு இப்பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக 1862இல் வகுத்தார். எல்லாவற்றிலும் இளைய நினியூர்ப் பாறைகள் பிற்பாடு தனித் தொகுதியாகக் கொள்ளப்பட்டன. ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்ஸ்கா இங்கு கிடைத்த உயிரினங்களை 1860களிலும் 1870களின் தொடக்கத்திலும் பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். இன்றும் ஆய்வாளர் புரட்டும் நூல்கள் அவை. இவர்களின் உழைப்பில் கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு சிப்பியும் எந்த ஊரின் எந்த அடுக்கில் கிடைத்தது என்ற குறிப்புக்கு அவர்கள் தந்த இடம். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் சிப்பி வெறும் அலங்காரப் பொருளாகிவிடும்.

காணும் வரிசை

அடுக்குகள் கிழக்குப் பக்கமாக மெல்லச் சரிந்திருப்பதால், மேற்கிலிருந்து கிழக்கே போகப் போகப் பாறையின் வயது குறைகிறது. பெரம்பலூர் மாவட்டத்துக் காரை முதல் நிலை. மழைநீர் அரித்த களிமண் மேடுகளில் ஜிப்சம் நரம்புகள் மின்னுகின்றன. கணவாயின் தொல் உறவினமான பெலம்னைட்டின் உட்கூடுகள் துப்பாக்கிக் குண்டு வடிவில் கிடைக்கின்றன. அருகே சாத்தனூரில், எம். எஸ். கிருஷ்ணன் 1940இல் அறிவித்த 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கிறது. கடற்படிவுக்குள் மரம் கிடப்பது, காடுள்ள கரை தொலைவில் இல்லை என்பதற்குச் சான்று. அடுத்து அரியலூரை ஒட்டிய கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் கிரிஃபியா என்ற சிப்பி திரளாக உண்டு. அதன் ஒரு ஓடு தடித்து வளைந்தது, மற்றொன்று தட்டையான மூடி. கனத்த ஓடு கீழே பதிய, அது கடலடியில் நிலைத்துக் கிடந்தது. கல்லமேட்டில் கடல் விலகி ஆற்றுப் படிவு தொடங்குகிறது. டைனோசர் எலும்புகளும் ஆமைகளும் இங்கே கிடைத்தன. நினியூரில் கடல் திரும்புகிறது. ஆனால் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பேரழிவில், கீழடுக்குகளில் காணும் சுருள் ஓட்டுக் கடலுயிரான அம்மோனைட்டுகள் மறைந்துவிட்டன. அவற்றின் உறவான நாட்டிலஸ் இனம் மட்டும் தொடர்கிறது. இந்த வேறுபாடு, நினியூர் அடுக்கையும் அதற்குக் கீழுள்ள கடலடுக்குகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கே தெரியும்.

எதிர்வாதங்கள்

இந்தியா உண்மையிலேயே தனித்த தீவாக இருந்ததா என்ற ஐயம் நியாயமானது. கல்லமேட்டில் கிடைத்த குர்மாடெமிஸ் என்ற ஆமைக்கு நெருங்கிய உறவினம் மடகாஸ்கரில் உண்டு; மடகாஸ்கரிலிருந்து பிரிந்த தீவு என்பதோடு இது பொருந்துகிறது. ஆனால் வடகண்டங்களுக்கே உரியதாகக் கருதப்பட்ட ட்ரூடான்டிட் வகை டைனோசரின் பல் என அடையாளம் காணப்பட்ட ஒன்றும் அதே இடத்தில் கிடைத்து, 2013இல் அறிவிக்கப்பட்டது. தீவு என்றாலும் விலங்குகள் வந்துபோக வழி இருந்திருக்கலாம், அல்லது அவ்வினம் நாம் நினைத்ததைவிடப் பரவலாக வாழ்ந்திருக்கலாம். எது சரி என்று தீர்மானிக்க இன்னும் படிவங்கள் வேண்டும். அதனாலேயே அடுக்குகள் சிதையாதிருப்பது இன்றியமையாதது.

சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் இல்லாவிட்டால் பல படிவங்கள் வெளியே வந்திருக்காது என்பார்கள். அது உண்மை, வேலைவாய்ப்பும் இந்த ஆலைகளைச் சார்ந்தது. ஆனால் சுரங்கம் ஓர் அடுக்கைத் திறந்துகாட்டிவிட்டு அதையே அரைத்தும் விடுகிறது. அருங்காட்சியகம் போதும் என்பதும் முழு விடையாகாது. வாரணவாசி அருங்காட்சியகம் தொடக்கநிலைப் பார்வையாளருக்கு மிகவும் பயனுள்ளது. எனினும் பேழையிலுள்ள சிப்பி தன் மேலும் கீழும் இருந்த அடுக்கைக் காட்டாது. கல்லமேட்டில் கிடைத்து 1980களில் விவரிக்கப்பட்ட புருகத்காயோசாரஸ் என்ற டைனோசரின் எலும்புகள் உதிர்ந்துபோனதால், அது எவ்வளவு பெரிய விலங்கு என்பதை இன்று மறுபடி அளக்க முடியவில்லை. மறுபக்கம், குன்னத்தில் 2020இல் டைனோசர் முட்டை என்று பரவிய செய்தி, அம்மோனைட் படிவுகள் என்ற விளக்கத்தில் முடிந்தது. பேர்பெற்ற ஒரு விலங்கை மட்டுமே தேடும் கண், காலடியில் உள்ள கடலைக் காணத் தவறுகிறது.

பார்வையாளருக்கு

பெரம்பலூர் சென்னை–திருச்சி தேசிய நெடுஞ்சாலையிலும், அரியலூர் விழுப்புரம்–திருச்சி கார்டு லைன் ரயில் பாதையிலும் உள்ளன. நிழல் குறைந்த நிலமாதலால் கோடையைத் தவிர்த்து மார்கழி, தை மாதங்களில் வருவது நல்லது. சுரங்கங்களுக்குள் அனுமதி பெற்றே செல்ல வேண்டும். படிவங்களைப் படமெடுக்கலாம், இடம் குறிக்கலாம். எடுத்துச் செல்லக் கூடாது. சாத்தனூர்க் கல்மரம் வேலியிட்டுக் காக்கப்படுவதுபோல, காரை முதல் நினியூர் வரை ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு துண்டு நிலமாவது தோண்டாமல் விடப்பட வேண்டும். அப்படி விட்டால்தான் உள்ளூர்ப் பள்ளி மாணவர் தம் ஊர் மண்ணிலேயே ஒரு தீவின் வரலாற்றை முதலிலிருந்து கடைசி வரை படிக்க முடியும்.