ஆல்பா சென்டாரி

ஆல்பா சென்டாரி நம் சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீன் தொகுதி. வெறுங்கண்ணுக்கு ஒற்றை ஒளிப்புள்ளியாகத் தெரியும் இதில் மூன்று விண்மீன்கள் உள்ளன: சூரியனைப் பெரிதும் ஒத்த ஏ, அதைவிடச் சற்றுச் சிறிய பி, தொலைவில் மங்கிக் கிடக்கும் பிராக்சிமா. ஏ, பி இரண்டும் சேர்ந்து தரும் ஒளித்தரம் −0.27 (எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும்). இரவு வானில் சிரியஸுக்கும் அகத்தியர் விண்மீனுக்கும் அடுத்து இதுவே பிரகாசமானது. பன்னாட்டு வானியல் ஒன்றியம் ஏ விண்மீனுக்கு ரிஜில் கெண்டாரஸ் என்றும் பி விண்மீனுக்கு டோலிமான் என்றும் பெயரிட்டுள்ளது.

வான நடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 61 பாகை தெற்கே இருப்பதால் எல்லா ஊருக்கும் இது தெரிவதில்லை. லண்டனில் எழுவதே இல்லை. டெல்லியில் அடிவானத்தைத் தொட்டு மறைந்துவிடும். 11 பாகை வட அட்சரேகையில் உள்ள கோவையிலோ உச்சம் தொடும்போது தென் அடிவானத்துக்கு மேல் 18 பாகை வரை ஏறும். ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் வானில் இருக்கும். கொங்கு நாட்டாருக்கு இது பெரிய பேறு; ஆனால் நம்மில் பலர் இதைப் பார்த்ததே இல்லை.

மாசி மாதத்தில் விடிவதற்கு முன், ஏப்ரல் கடைசியில் நள்ளிரவுக்குச் சற்றுப் பின், மே கடைசியில் இரவு பத்தரை மணி அளவில் இது நேர் தெற்கே நிற்கும். ஜூன் பிறந்துவிட்டால் பாலக்காட்டுக் கணவாய் வழியே மேகம் வந்து மூடிக்கொள்ளும். பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புக்குள் நின்று தேடினால் அகப்படாது, மரங்களே 18 பாகையை மறைத்துவிடும். காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்கள் போன்ற திறந்த வெளிதான் ஏற்ற இடம். தெற்கு நோக்கி நின்றால் அருகருகே இரண்டு பிரகாசமான விண்மீன்கள் தெரியும். இடப்பக்கம் இருப்பது ஆல்பா, வலப்பக்கம் இருப்பது பீட்டா சென்டாரி. இரண்டையும் இணைத்து வலப்பக்கம் நீட்டினால் தென் சிலுவை கிடைக்கும். பக்கத்தில் இருப்பதுபோல் தோன்றினாலும் பீட்டா ஏறத்தாழ 390 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. ஆல்பாவின் தொலைவு சுமார் 4.37 ஒளியாண்டு, அதாவது 41 லட்சம் கோடி கிலோமீட்டர். வாயேஜர் 1 விண்கலத்தின் வேகத்தில் போனால் 70,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

சூரியனும் ஏ விண்மீனும் ஒரே நிறமாலை வகையைச் சேர்ந்தவை: ஜி2. ஏ-யின் நிறை சூரியனைப் போல் 1.08 மடங்கு, ஆரம் 1.22 மடங்கு, ஒளிர்திறன் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. மேற்பரப்பு வெப்பநிலை சுமார் 5,800 கெல்வின், சூரியனுடையதும் அதுவே. ஹீலியத்தை விடக் கனமான தனிமங்கள் மட்டும் சூரியனில் உள்ளதைவிடக் கூடுதல். கே1 வகையைச் சேர்ந்த பி விண்மீன் 0.9 சூரிய நிறையும் பாதி ஒளிர்திறனும் கொண்டது. நிறம் சற்று ஆரஞ்சு. அங்கிருந்து திரும்பிப் பார்த்தால் நம் சூரியன் கசியோப்பியா மண்டலத்தில் கூடுதலாக ஒரு பிரகாசமான விண்மீனாகத் தெரியும்.

ஏ, பி இரண்டும் ஒன்றையொன்று ஏறத்தாழ 80 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றுகின்றன. பாதை நன்கு நீண்டது. நெருங்கும்போது இடைவெளி சூரியனுக்கும் சனிக்கும் உள்ள தொலைவைவிடச் சற்றே அதிகம். விலகும்போது நெப்டியூனின் தொலைவையும் தாண்டும். கடைசியாக 1955இல் மிக நெருங்கின. மறுபடி 2035இல் நெருங்கும்.

இது இரட்டை என்பதை முதலில் கண்டது தமிழ் மண்ணிலிருந்து. பிரெஞ்சு இயேசு சபைத் துறவி ழான் ரிஷோ, சயாமுக்கு அனுப்பப்பட்ட கணிதவியலாளர் குழுவில் இருந்தவர். 1688இல் அங்கே நடந்த ஆட்சி மாற்றத்துக்குப் பின் புதுச்சேரி வந்து சேர்ந்தார். 1689 டிசம்பரில் ஒரு வால்மீனைத் தொடர்ந்து கவனித்துவந்தபோது, தம் 12 அடித் தொலைநோக்கியில் ஆல்பா சென்டாரி இரண்டாகப் பிரிந்து தெரிவதைக் கண்டார். அம்மாதத்தில் இவ்விண்மீன் விடியலுக்குச் சற்று முன்புதான் எழும். அடிவானத்துக்கு மேல் அதிகம் ஏறியிராது. இன்று தெரிந்த சுற்றுப்பாதையைக் கொண்டு பின்னோக்கிக் கணக்கிட்டால், அன்று இரண்டுக்கும் இடைவெளி 7, 8 விகலைதான் இருந்திருக்க வேண்டும். அடிவானத்தை ஒட்டிய கனத்த காற்றின் நடுக்கத்தினூடே அதைப் பிரித்துப் பார்த்தது சாதாரணக் காரியமல்ல. இந்தியாவில் தொலைநோக்கி வழியே நடந்த வானியல் கண்டுபிடிப்புகளில் மிகத் தொடக்க காலத்தது இது. நம் பாடநூல்களில் இடம்பெறத் தகுந்தது.

ஆல்பா சென்டாரியின் தொலைவை அளந்தவர் வானியலாளர் தாமஸ் ஹென்டர்சன். ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் 1832, 33ஆம் ஆண்டுகளில் அதற்கான அவதானங்களைச் செய்துவிட்டார். ஆனால் முடிவை 1839இல்தான் வெளியிட்டார். அதற்குச் சில வாரங்கள் முன்பு ஜெர்மானியர் பெஸ்ஸல் வேறொரு விண்மீனின் தொலைவை அறிவித்ததால் முதலிடம் அவருக்குப் போனது.

மூன்றாவது விண்மீனான பிராக்சிமாவை 1915இல் ஜோகன்னஸ்பர்க்கில் ராபர்ட் இன்னஸ் கண்டுபிடித்தார். 4.24 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள இதுவே சூரியனுக்கு மிக அருகிலுள்ள தனி விண்மீன். ஒளித்தரம் 11 என்பதால் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. 2016இல் இதைச் சுற்றும் ஒரு கோள் உறுதியானது. அதன் நிறை குறைந்தது பூமியளவு. அதன் ஓர் ஆண்டு 11.2 நாட்கள்.

சூரியனை ஒத்த ஏ, பி இரண்டுக்கும் கோள் உண்டா என்ற கேள்விக்கு விடை அவ்வளவு எளிதில் கிடைக்கவில்லை. அண்டை விண்மீன்களைச் சுற்றிக் கோள் தேடும் முயற்சியில் சென்னைக்கும் பழைய தொடர்பு உண்டு. நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்தின் தலைவர் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப், 1855இல் 70 ஓபியூக்கி என்னும் இரட்டை விண்மீனின் பாதையில் ஒரு பிறழ்வைக் கண்டு, அங்கே ஒரு கோள் இருக்கலாம் என்று அறிவித்தார். அந்த முடிவு பின்னர் நிலைக்கவில்லை. ஆனாலும் வேற்று விண்மீனின் கோளை அளவீட்டைக் கொண்டு தேடிய மிக முந்தைய முயற்சிகளில் ஒன்று அது. ஆல்பா சென்டாரி பி-யைச் சுற்றி ஒரு கோள் இருப்பதாக 2012இல் வந்த அறிவிப்பும் 2015 வாக்கில் கைவிடப்பட்டது.

2024 ஆகஸ்டில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி ஏ-யின் கண்கூசும் ஒளியை மறைத்துப் பார்த்தபோது அருகில் ஒரு மங்கலான புள்ளி பதிவானது. அது கோளாக இருந்தால் சனியளவு நிறையுள்ள வாயுக் கோள். சூரியனிலிருந்து பூமி உள்ள தொலைவைப் போல் ஒன்று முதல் இரண்டு மடங்கு தொலைவில் ஏ-யைச் சுற்றிவர வேண்டும். 2025 பிப்ரவரியிலும் ஏப்ரலிலும் மறுபடி பார்த்தபோது அது தென்படவில்லை. அந்நாட்களில் விண்மீனுக்கு மிக நெருக்கமாக நகர்ந்து ஒளியில் மறைந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். 2025 ஆகஸ்டில் வெளியான அறிக்கைகள் அதை இன்னும் உறுதியாகாத கோளாகவே குறிப்பிடுகின்றன.